ஜோடி போடுகிற கை

1

எங்கள் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளக் கிடங்கை இந்த வருடத் தொடக்கத்தில் ஒழித்தார்கள். எனக்கும் இம்மானுவேலுக்கும் தலைகளைத் தூக்கும் வேலை விழுந்தது.

பயப்பட வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த தலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், உலகத்து மனிதர்களை எல்லாம் வகை பிரித்து அடுக்கிவிடலாம் என்று இங்கிலாந்தின் படித்தவர்கள் நம்பிய காலத்தில் செய்தவை. கூடவே ஒரு நீளமான மரப்பலகை. அதில் படி படியாக வெட்டியிருந்தார்கள். அடிப்படியில் ஓர் ஆப்பிரிக்கத் தலை, உச்சிப்படியில் கிரேக்கச் சிலை மாதிரி ஒரு வெள்ளைக்காரத் தலை, இடையில் மற்றவர்கள். ஒன்றின் கழுத்தில் 'தென்னிந்தியா' என்று எழுதியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மூக்கும் தாடையும் அப்படியே திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் அண்ணன் லூர்து. கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

இம்மானுவேல் நைஜீரியாக்காரர். என்னோடு வேலை பார்க்கிறவர். அவர் படிகளை உற்றுப் பார்த்தார்.

"நீ என்னைவிட ரெண்டு படி மேல இருக்க. அதனால கனமான பக்கத்த நீ பிடி" என்றார்.

"மேல் படிக்காரன் எங்கேயாவது கனம் தூக்கிப் பார்த்திருக்கியா? எங்க ஊருக்கு வந்து கேளு" என்றேன்.

அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

2

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பில் தோற்றேன், அறிவியலில்தான் போனது. நூல் மில்லில் கொஞ்ச காலம், மும்பையில் ஓட்டல் வேலை, பிறகு குவைத். அங்கிருந்து சமையல்காரர் விசாவில் இங்கிலாந்தின் வடக்கே இந்த ஊருக்கு வந்தேன். ஓட்டல் மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்தேன். ஓட்டல் மூடிவிட்டது. அருங்காட்சியகத்தில் தரை துடைக்க ஆள் கேட்டார்கள், போனேன். இப்போது சட்டையில் 'பார்வையாளர் உதவியாளர்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சூயிங்கத்தைச் சுரண்டுவதும் அந்தப் பதவியில் அடக்கம்.

குடியுரிமைத் தேர்வுக்காக இந்த நாட்டு ராஜாக்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். எந்த ராஜா எத்தனை மனைவி கட்டினான் என்பது எனக்குத் தெரியும். இங்கே என் தெருவில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் எல்லா அலுவலகத்திலும் என்னை 'மிஸ்டர் அருளப்பன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்ப்பேன். இப்போது பழகிவிட்டது. செத்துப்போன மனுசனை எழுப்பி எழுப்பி வரிசையில் நிறுத்துகிறோமே என்று மட்டும் தோன்றும்.

என் ஆங்கிலம் பெரும்பாலும் காட்சிப் பெட்டிகளின் பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகைகளிலிருந்து வந்தது. அதனால் காய்கறிக் கடையில் திணறுவேன். 'வம்சாவளி', 'இயற்கைத் தேர்வு' எல்லாம் தடங்கலில்லாமல் வரும். என் மகள் ரீட்டா, பதினேழு வயது, "அப்பா, நீ சுவர் பேசுற மாதிரி பேசுற" என்பாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். தமிழ் அவளுக்குப் புரியும். வாயில் வருவது குறைவு.

எனக்குப் பிடித்தது புறா அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த புறாக்கள். விசிறி மாதிரி வால் விரித்தது, கழுத்துப்பை ஊதினது, பறக்கும்போதே குட்டிக்கரணம் அடிக்கிற நம் கர்ணப்புறா மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் சாம்பல் நீலத்தில், இறக்கையில் இரண்டு கருப்புப் பட்டையோடு சாதாரண மாடப்புறா. அந்தக் காலத்தில் இங்கே புறா வளர்ப்பவர்கள் ஒவ்வொரு ஜாதிப்புறாவையும் கடவுள் தனித்தனியாகப் படைத்தார் என்று சண்டை போடுவார்களாம். ஒரு தாடிக்காரர் தானே கூண்டு கட்டி, வேறு வேறு ஜாதிகளைக் கலந்து பார்த்தார். கலக்கக் கலக்க, குஞ்சுகளில் அந்தச் சாம்பல் நீலமும் இரண்டு பட்டையும் திரும்ப வந்தன. எல்லாம் ஒரே மாடப்புறாவின் பிள்ளைகள். மனிதன் கை பொறுக்கிப் பொறுக்கி ஜோடி போட்டதால்தான் இத்தனை கோலம் என்று அவர் முடிவுக்கு வந்தார். மனிதன் கை செய்வதை இயற்கை கையே இல்லாமல், யாரையும் கேட்காமல், மிக மெதுவாகச் செய்கிறது என்றும் சொன்னார்.

அவர் சொன்னது மரம். கிளை கிளையாகப் பிரிவது. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் அதை ஏணியாக்கிக்கொண்டார்கள். மேல் படியில் தாங்களே ஏறி நின்றார்கள். பலவீனன் சாவதுதான் முன்னேற்றம் என்றார்கள். இந்தியாவில் பஞ்சம் வந்து சனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதும் அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள் என்று எங்கள் விளக்கப் பலகை ஒன்று சொல்கிறது. தாது வருஷப் பஞ்சம் நம் பக்கத்தையும் விடவில்லை. அதில் சாகாமல் மிஞ்சிய யாரோ ஒருவரின் வழியில்தான் நானும் வந்திருப்பேன். தகுதியால் மிஞ்சினாரா, யாரோ ஒரு கை கஞ்சி ஊற்றியதால் மிஞ்சினாரா, யார் கண்டது?

3

தலைகளைத் தூக்கிய வாரத்தில் அமலி போன் செய்தாள். அண்ணன் மகள். நத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அதே பள்ளியில் கணக்கு எடுக்கும் ஸ்டீபனும் அதே பஸ்ஸில்தான் போய் வருகிறான். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"அப்பா பேச மாட்டேங்குறாரு சித்தப்பா. மாடியில புறாவோடயே இருக்காரு. சோறும் அங்கதான்."

ஸ்டீபன் நம் மதம்தான். நம் பங்குக் கோயில்தான். அவன் அப்பாவும் என் அண்ணனும் ஒரே கோயிலில், ஒரே சாமியார் கையில் நன்மை, அதாவது பூசை அப்பம், வாங்குகிறவர்கள். ஆனால் நாங்கள் மேலத்தெரு, அவர்கள் கீழத்தெரு. எங்கள் பங்கில் தெருப் பெயரைச் சொன்னால் போதும். ஜாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட அவரவர் பக்கம் அவரவருக்கு.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கிரலாம்னு அவுக வீட்ல சொல்றாக" என்றாள் அமலி. "எனக்குக் கோயில்ல நடக்கணும். அப்பா கையப் புடிச்சு நடக்கணும். சாமி ஓலை வாசிக்கிறேன்னுட்டாரு. அப்பா அன்னைக்கு எந்திரிச்சு சபையில ஏதாச்சும் சொல்லிட்டா அவுக அதோட ஒதுங்கிருவாக. ஸ்டீபனுக்கு ரெண்டு தங்கச்சி இருக்கு. அம்புட்டுப் பேரு முன்னாடி அவமானப்பட முடியாது சித்தப்பா."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசை முடிவில் சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடிப்பார். அதுதான் ஓலை. ஜாதி ஒரு தடையே அல்ல என்பது சாமியாருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனால் பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்றால், என்ன சொல்கிறான் என்பதா முக்கியம்?

நான் வந்து பேசும்வரை ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, ரீட்டாவின் பள்ளி விடுமுறையில், ஆகஸ்டில் லீவு போட்டேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு லீவு இல்லை. ரீட்டாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

4

"ஏலே, பெட்டிய அங்குட்டு வையி. கூண்டுகிட்ட வைக்காத, புறா மெரளும்." அண்ணன் எங்களை வரவேற்ற முதல் வார்த்தை இது. பிறகு ரீட்டாவைப் பார்த்தார். "இம்புட்டு வளந்துட்டியா ஆத்தா? சாப்டியா?"

அண்ணனின் கர்ணப்புறாக்கள் திண்டுக்கல்லில் பெயர் வாங்கியவை. பந்தயத்தில் காலையில் விட்டால் வெயில் ஏறி இறங்கும்வரை வானத்திலேயே நிற்கும். எதற்கு எதை ஜோடி போட வேண்டும் என்பதற்கு அவர் யோசிக்கிற அளவு நாங்கள் யாரும் கல்யாணத்துக்கு யோசித்ததில்லை. வெள்ளையன் என்று ஒரு புறா. போன பந்தயத்தில் கோப்பை அதற்குத்தான்.

மாடியில் நான் பேச்சை எடுத்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"நீயே சொல்லுலே. ஜாதிப்புறாவோட ரோட்டுப்புறாவச் சேத்தா என்னாகும்? கர்ணம் அடிக்குமா? பாத்துப் பாத்துச் சேத்த ரத்தம். ஒரே தலமுறையில தண்ணியாப் போயிரும். மனுசனுக்கும் அதே கததான்."

எனக்கு ஒரு கணம் கிடங்குப் பலகை கண்ணில் வந்தது. அந்தப் பலகை செய்தவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னதை என் அண்ணன் கைலி கட்டிக்கொண்டு தமிழில் சொல்கிறார். அவர்கள் பலகையில் தன் தலை நடுப்படியில் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், கீழே இரண்டு படி இருக்கிறதல்லவா என்று கேட்பாரோ என்னவோ.

அந்த நேரத்தில் காதர் பாய் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். பேகம்பூரில் தோல் வியாபாரம். அண்ணனுக்குப் புறா வழியில் கிடைத்த கூட்டாளி. கையில் புறாத் தீனிக்கான கம்புப் பை.

"என்ன லூர்து, சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது?"

"வாங்க பாய். நீங்களே சொல்லுங்க. கலப்புல நல்ல புறா வருமா?"

பாய் பையை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெள்ளையன் யாரு பேரன்?" என்று கேட்டார்.

அண்ணன் முகம் மாறியது. "பாய், அது வேற."

"என்னத்த வேற? கொஞ்ச வருசம் முந்தி உன் கூட்டுல முட்ட பூராம் கூமுட்ட. பொறிச்ச குஞ்சும் கழுத்து நிக்காமச் செத்துச்சு. ஒரே ரத்தத்துக்குள்ளயே சுத்திச் சுத்திச் சேத்தா வேற என்ன ஆகும்? 'யாருக்கும் தெரியாம ஒரு ஆண்புறா குடுங்க பாய்'னு எங்கிட்ட வந்து நின்னது யாரு? நான் குடுத்தது என்ன ஜாதின்னு எனக்கே தெரியாது. மழைக்கு என் கிட்டங்கியில ஒதுங்குன புறா அது. அதோட பேரன்தான் உன் வெள்ளையன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் என்னை முறைத்தார்.

"வெள்ளையனோட கூடப் பொறந்த நீலக் குஞ்சு ரெண்டையும் ராவுத்தன் வீட்டுல கெடக்கட்டும்னு எங்கிட்ட தள்ளிவிட்டுட்ட. றெக்கையில ரெண்டு பட்டையோட. ரெண்டும் நல்லாருக்கு. ஒன்னக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சுங்க" என்றார் பாய்.

வாதம் என் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அந்த நீலமும் பட்டையும் கெட்டுப்போன ரத்தத்தின் அடையாளம் இல்லை, எல்லாப் புறாவுக்கும் மூத்த தகப்பன் முகம் அது, மலைக்கோட்டைப் பாறைப் பொந்தில் இருக்கிறதே அதே முகம் என்று சுவர் பேசுகிற மாதிரி பேசினேன். பாய் தலையாட்டினார்.

பேசிக்கொண்டு வரும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. வெள்ளையன் கோப்பை வாங்கியதால் கலப்பு நல்லது என்றால், வெள்ளையன் தோற்றிருந்தால்? அமலியின் கல்யாணம் ஒரு புறா எவ்வளவு நேரம் பறந்தது என்பதில் தொங்க வேண்டுமா? புறாவிலிருந்து மனிதனுக்குத் தாவித்தானே அந்தப் படிப்பாளிகள் வழி தவறினார்கள்? நானும் அதே தாவலைத் தாவப் பார்க்கிறேன், திசைதான் வேறு.

"அண்ணே, அத விடு" என்றேன். "நல்ல புறா வருதா கெட்ட புறா வருதாங்கிற பேச்சே வேணாம். புறாவுக்கு ஜோடி போடுற கை உன் கை. கூண்டு உன்னுது. அமலி யாரு கூண்டுலயும் இல்லண்ணே. அவ பாட்டுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிருக்கலாம். போகல. உன் கையப் புடிச்சு நடக்கணும்னு நிக்கிறா. அந்தக் கைய அதுக்குக் குடு."

"லண்டன்காரரு புத்தி சொல்ல வந்துட்டாரு" என்றார் அண்ணன் பாயிடம். "பத்தாப்புப் பெயிலு."

"அதுக்குத்தான் சொல்றேன். பாஸானவன்தான் அந்தப் பலகையெல்லாம் செஞ்சான்" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

ரீட்டா அதுவரை கூண்டுக் கம்பியில் விரலை விட்டுக்கொண்டு நின்றாள். வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பிடித்துக் கேட்டாள்: "பெரியப்பா, இதுங்களே செலக்ட் பண்ணா... என்ன ஆகும்?"

"அதுங்களாச் சேந்தா, கொஞ்ச காலத்துல எல்லாம் மாடப்புறாவாப் போயிரும் ஆத்தா."

"ஸோ? மாடப்புறா பறக்காதா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். "பறக்கும். என்ன பறக்காம? பருந்துக்குச் சிக்காது அது. என் புறா கர்ணம் அடிச்சுக்கிட்டே போயி அதுகிட்ட மாட்டிக்கிரும்."

சொல்லிவிட்டுக் கம்பை அள்ளி இறைத்தார். படியில் டீத் தட்டோடு அமலி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"விடுங்க சித்தப்பா. டீ ஆறுது" என்றாள்.

5

நாங்கள் இருந்த நாட்கள் முழுக்க அண்ணன் அந்தப் பேச்சைத் தொடவில்லை. மதினி மட்டும் சமையலறையில் என்னிடம், "இப்பக் கீழ எறங்கி வந்து சாப்புடுறாரு கொழுந்தனாரே. அது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. ஆனால் அண்ணன் ரயில் ஏற்ற வந்தார். ரீட்டாவிடம் ஒரு வெள்ளை இறகைக் கொடுத்தார். என்னிடம், "போயிட்டு போன் போடு" என்றதோடு சரி.

ரயிலில் ரீட்டா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஒரே கோயில், ஒரே அப்பம், பிறகு எப்படி? என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ராஜாக்களின் மனைவிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்தப் பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் வருத்தப்படுவார்கள், நானும் பட்டிருக்கிறேன். கோயிலுக்கு வர மாட்டேன் என்று ரீட்டா சொன்ன நாளில் வீட்டில் பெரிய ரகளை நடந்தது. அன்று ரயிலில் வேறு மாதிரி தோன்றியது. எதிலிருந்து விலகுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

"ஓலை எப்போ?" என்று கேட்டாள். "நானும் பாக்கணும்."

6

எங்கள் பங்கில் இப்போது ஞாயிறு மாலைப் பூசையை நேரலையில் காட்டுகிறார்கள். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

முதல் ஓலை அன்று மேசையில் போனைச் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தோம். அண்ணன் வழக்கமாக உட்காரும் இடம் காலி. பெயர்களை வாசித்தார்கள். யாரும் எழவில்லை. மூச்சு விட்டோம். ஆனாலும் பார்வை அந்தக் காலி இடத்திலேயே நின்றது.

இரண்டாம் ஞாயிறு அண்ணன் வந்திருந்தார். கடைசி பெஞ்சில். மேலே பாடகர் பக்கமிருந்து எடுக்கும் காட்சி என்பதால் பின்தலையும் தோளும்தான் தெரிந்தன. பூசை முடிவில் சாமியார் காகிதத்தைப் பிரித்தார். மேலத்தெரு லூர்து மகள் அமலி. கீழத்தெருவைச் சேர்ந்த இன்னார் மகன் ஸ்டீபன். இரண்டு தெருவும் ஒலிபெருக்கியில் தனித்தனியாகக் கணீரென்று விழுந்தன. கூட்டத்தில் தலைகள் திரும்பின. தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்.

இறுதி ஆசீர் முடிந்தது. எல்லாரும் வாசலைப் பார்த்து நடக்க, அண்ணன் மட்டும் எதிர்த்திசையில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நடந்தார். பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடை மாற்றும் அறைக்குள் போனார். நேரலை அங்கே முடிந்துவிட்டது.

என் மனைவி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அமலியும் எடுக்கவில்லை. "அவர் நோ சொல்லிட்டாரா அப்பா?" என்று ரீட்டா தமிழில் கேட்டாள். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

வெகு நேரம் கழித்து அமலி கூப்பிட்டாள்.

"அப்பா உள்ள போனதும் நானும் பின்னாடியே போனேன். சாமி அங்கியக் கழட்டிக்கிட்டு நிக்கிறாரு. அப்பா சொல்றாரு, 'சாமி, அடுத்த வாரம் வாசிக்கையில தெருப் பேரு வேணாம். ரெண்டு பேருக்கும் வேணாம். இந்தப் பங்குன்னு வாசிங்க, போதும்'னு."

"சாமி என்ன சொன்னாரு?"

"பேனாவ எடுத்து ரெண்டு தெருப் பேரையும் அடிச்சுட்டாரு."

தெருப் பெயர் சபையில் கேட்ட வெட்கத்தில் சொன்னாரா, மனம் இளகிச் சொன்னாரா என்று கேட்டேன்.

"தெரியல. நானும் கேக்கல. வெளிய வந்து, 'ஒஞ் சித்தப்பன் எப்ப டிக்கெட்டுப் போடுறான்னு கேளு, கடைசி நேரத்துல வந்து நிப்பான்'னாரு" என்று சொல்லி அழுதாள்.

இந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. ரீட்டா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கடைசி பெஞ்சில் இல்லை. தேடிப் பார்த்தோம், முன்னால் தன் பழைய இடத்தில் மதினியோடு இருந்தார். சாமியார் காகிதத்தைப் பிரித்தார். லூர்து மகள் அமலி, இப்பங்கு. அடுத்தது ஸ்டீபன், அவன் அப்பா பெயர், இப்பங்கு. தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று அவர் சொன்னபோது பின்னாலிருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

அண்ணன் உட்கார்ந்தே இருந்தார்.